எந்த டிவி?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்க் கடைவீதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மண்சுவரும் புல்கூரையுமாக இன்னும் மிச்சமிருந்த ஒரு வீட்டைச் சற்றுக் கூடுதலான நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் முறத்தை நிறுத்தாமலே கேட்டார்: "எந்த டிவி சார்?" என்னிடம் கேமரா இல்லை. எந்த டிவியும் இல்லைம்மா, சும்மா வந்தேன் என்றேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை ஊதினார். தூள் வெயிலில் எழும்பி என் கண்ணாடியில் படிந்தது. "அப்ப யாரு அனுப்புனாங்க?" என்றார். கோபமில்லாத குரல், வரவேற்பும் அதில் இல்லை. மலைக்கு வந்து எதையாவது உற்றுப் பார்க்கிற ஆள் தன் இஷ்டத்துக்கு வந்திருக்க மாட்டான், பின்னால் ஒருவர் இருப்பார், பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அவருடையது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. யாரும் அனுப்பவில்லை என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த இரண்டாவது கேள்விதான் அன்றிலிருந்து என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. மலைவாழ் மக்களைப் பற்றிய படங்கள் குறித்து நம் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதிவிட்டோம். யார் எடுத்தார் என்று கேட்டிருக்கிறோம். எப்படி எடுத்தார், எந்தக் கோணத்தில் எடுத்தார், கறுப்பு வெள்ளையா வண்ணமா என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். யார் அனுப்பினார் என்பதை ஏனோ கேட்டதில்லை. கேட்டால் இலக்கியத்தை விட்டுக் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுவோம் என்ற பயம் போலிருக்கிறது.

அனுப்புகிறவருக்குச் சினிமாவில் தயாரிப்பாளர் என்று பெயர். வாசன், மெய்யப்ப செட்டியார், டி.ஆர். சுந்தரம் என்று தமிழ்ச் சினிமாவே ஒருகாலத்தில் தயாரிப்பாளரின் பெயரால்தான் அறியப்பட்டது. ஜெமினி படம், ஏவி.எம். படம், மாடர்ன் தியேட்டர்ஸ் படம் என்றுதான் ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள். திரைப்படச் சங்கங்களும் சிறுபத்திரிகைகளும் வந்தபிறகு நாம் இயக்குநரின் பெயரைப் பிடித்துக்கொண்டோம். தயாரிப்பாளர் பணம் போட்டவர் ஆனார், பிறகு கலையைக் கெடுக்கிறவர் ஆனார், கடைசியில் பேச்சிலிருந்தே மறைந்தார். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருட்டில் உட்கார்ந்து ஜெர்மன் படம் பார்த்த தலைமுறைக்குப் பாஸ்பைண்டரைத் தெரியும், வெண்டர்ஸைத் தெரியும். அந்தப் படங்கள் பலவற்றின் பெயர்ப்பட்டியலில் வரும் டபிள்யூ.டி.ஆர். என்ற மூன்றெழுத்து தணிக்கைச் சான்றிதழ் மாதிரிக் கண்முன்னால் கடந்து போய்விடும். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் குந்தர் ரோர்பாக் என்று ஒருவர் இருந்தார். 1928 இல் பிறந்தவர். 1965 முதல் 1979 வரை கொலோன் நகரத்து அந்த ஒளிபரப்பு நிறுவனத்தின் தொலைக்காட்சி நாடகப் பிரிவுக்குத் தலைவர். பாஸ்பைண்டரிடம் ஒரு தொழிலாளர் குடும்பத் தொடரை ஒப்படைத்தது அந்தப் பிரிவு. 1972 இல் ஒளிபரப்பாகத் தொடங்கி, எட்டுப் பகுதி என்று திட்டமிட்டது ஐந்தோடு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு வந்த 'ஸ்மோக்', ரூர் தொழிற்பகுதியில் காற்று நஞ்சாகிப்போன சில நாட்களைச் செய்தி ஒளிபரப்பின் பாணியிலேயே சொன்ன கற்பனைப் படம். நிஜமென்று நம்பி பயந்தவர்கள் இருந்தார்கள். 1979 இல் மூனிக்கை ஒட்டிய பவேரியா நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். அங்கே தயாரான 'தாஸ் போட்' 1981 இல் திரையரங்குக்கு ஒரு நீளத்திலும் பிறகு தொலைக்காட்சிக்கு வேறொரு நீளத்திலும் போனது. தவளையைப் போல இரண்டு இடத்திலும் பிழைக்கிற படம் வேண்டும் என்பது அவருடைய வாதம். அதில் கலை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ஆனால் தொலைக்காட்சியில் இருந்தவரை, யார் அனுப்பினார் என்று கேட்டால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியும்: மாதாமாதம் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுகிற வீட்டுக்காரர்கள்.

இப்படி ஒற்றைப் பதில் சொல்ல முடியாத இன்னொரு ஜெர்மானியர்தான் என் மனசில் முள்ளாகக் கிடக்கிறார். பால் ஜில்ஸ், 1915 இல் பிறந்தவர். இந்திய ஆவணப்பட வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைத் தவிர்க்க முடியாது. அதிகம் பேசவும் மாட்டார்கள். இளவயதில் அவர் வேலை பார்த்தது உஃபா நிறுவனத்தில், கோயபல்ஸின் பிரசார அமைச்சகம் தன் கைக்குள் கொண்டுவந்த நிறுவனம் அது. போர் மூண்டபோது கிழக்கே தீவுகளின் பக்கம் இருந்தார். எதிரி நாட்டுக் குடிமகன் என்று பிடித்து இந்தியாவுக்குக் கைதியாகக் கொண்டுவந்தார்கள். முள்வேலிக்குள் போர்க்காலம் கழிந்தது. 1945 இல் வெளியே வந்தார். வந்தவரை, அடைத்து வைத்திருந்த அதே பிரிட்டிஷ் இந்திய அரசு, தன் போர்ப் பிரசாரத்துக்காக ஏற்படுத்தியிருந்த 'இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா'வின் வெளிநாட்டுப் பிரிவுக்குத் தலைவராக உட்காரவைத்தது. இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. கேமரா பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்த ராஜாங்கத்திலும் நாற்காலி உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கைதிக்கு மறுக்கிற உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? முப்பது வயது, ஊர் சாம்பலாகிக் கிடக்கிறது, தெரிந்த தொழில் ஒன்றுதான். கொள்கையைச் சொல்லி முகாமிலேயே இருந்திருக்கலாமே என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை.

நாடு விடுதலையானபின் அவர் போகவில்லை. பாலி பிலிமோரியா என்ற இளைஞரோடு சேர்ந்து 'டாக்குமெண்டரி யூனிட் இந்தியா'வை நடத்தினார். மினு மசானி சிறுவர்களுக்காக எழுதிப் புகழ்பெற்ற 'அவர் இந்தியா' புத்தகத்தை வைத்து 1950 இல் 'ஹிந்துஸ்தான் ஹமாரா' எடுத்தார். தாகூரின் 'சார் அத்யாய்' நாவலை வைத்து 1952 இல் 'ஜல்ஜலா'. 'இந்தியன் டாக்குமெண்டரி' என்ற பத்திரிகையை நடத்துவதில் முன்நின்றார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனிக்காகப் படம் செய்தார். பீகாரின் ஓராவன் பழங்குடியினரைப் பற்றி ஒன்று, மலபாரின் போர்க்கலை ஆட்டங்களைப் பற்றி ஒன்று என்று பத்தாண்டுகளுக்கு மேல் இந்தியாவைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துவிட்டு, 1950களின் கடைசியில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1979 இல் இறந்தார். அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷனே எல்லா ஆவணப்படத்தையும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், தனியாரும் இந்தத் தொழிலில் பிழைக்க முடியும் என்று நிற்கப் பார்த்த சிலரில் அவர் ஒருவர். அவரிடமிருந்து தொழில் கற்ற பிலிமோரியாவின் 'ஆனந்தா கட்டிய வீடு' (1968) ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இதெல்லாம் வரவுப் பக்கம். அனுப்பியவர்களின் வரிசையையும் எழுதிப் பார்க்கலாம்: ஹிட்லர் ஆட்சியின் ஸ்டுடியோ, வெள்ளைக்கார அரசு, புதிய தேசம், எண்ணெய்க் கம்பெனி. இவ்வளவு பேர் மாறியபிறகும் படத்தின் தொனியில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. குறை அந்த மனிதரிடம் இருந்ததா, அந்த வகைப் படத்திடமே இருந்ததா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

தொனி என்று நான் சொல்வது பின்னணிக் குரலை. அந்தக் குரலை நம் தலைமுறை மறந்திருக்காது. 1943 இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புக்கொண்ட படத்தைப் போட்டே தீரவேண்டும் என்று வெள்ளைக்கார அரசு கட்டாயமாக்கியது. 1948 இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனுக்கும் அந்தக் கட்டாயம் சீதனம் போல வந்து சேர்ந்தது. தியேட்டர்காரர் அதற்கு வாடகையும் கட்டவேண்டும். திருப்பத்தூரிலோ போளூரிலோ கொட்டகையில் மணியடித்து விளக்கு அணைந்ததும் முதலில் அதுதான் வரும். பீடி பிடிக்கிறவர்கள் எழுந்து வெளியே போவார்கள். முறுக்குத் தட்டோடு பையன் குறுக்கே நடப்பான். தரை டிக்கெட்டில் மூட்டைப்பூச்சியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கணீரென்று ஓர் ஆண்குரல், பார்க்கிறவர்களுக்கும் படத்தில் இருப்பவர்களுக்கும் சம்பந்தமில்லாத ஒரு நிச்சயத்தோடு பேசும். இவர்கள் எளிய மக்கள். இவர்களுக்கு ஆடல்பாடலில் பிரியம் அதிகம். முன்னேற்றம் இவர்கள் வாசலையும் எட்டிவிட்டது. படத்தில் ஒரு கிழவி எதையோ சொல்லி வாய்விட்டுச் சிரிப்பாள். என்ன சொன்னாள் என்று நமக்குக் கேட்காது, அவள் உதட்டின் மேல் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கிக்கொண்டு மலையேறும்படியான ஒலிப்பதிவுக் கருவி அப்போது இல்லை என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். கருவி வந்தபிறகும் அந்தக் குரல் போய்விடவில்லையே. வைத்திருந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அனுப்பியவர் என்ன நினைக்கிறாரோ அதைப் படத்தில் சொல்ல அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

ஜில்ஸின் கடைசி இந்தியப் படங்களில் ஒன்று நீலகிரித் தோடர்களைப் பற்றியது, 1959. பெயர் 'தி வானிஷிங் டிரைப்', மறைந்துகொண்டிருக்கும் பழங்குடி. டெல்லியில் செப்டம்பர் மாதம் தொலைக்காட்சி என்ற சோதனை தொடங்கியதும் அதே வருஷம்தான். படத்தின் தலைப்பு ஒன்றே போதும், யார் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். தான் மறைந்துகொண்டிருப்பதாக எந்தத் தோடரும் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் வீடு கட்டிய நாளிலிருந்தே தோடர்கள் அழிந்துபோவார்கள் என்று யாராவது ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906 இல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். 1930களின் நடுவில் வந்த மொழியியலாளர் எமனோ, மந்து என்கிற தோடர் குடியிருப்புகளில் உட்கார்ந்து, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பாட்டுகளை எழுதிக்கொண்டு போனார். அது 1971 இல் புத்தகமானது. எமனோவையும் யாரோ அனுப்பித்தான் இருப்பார்கள். ஆனால் அவருடைய புத்தகத்தில் தோடர் பேசுகிறார், எருமையின் பெயரைச் சொல்கிறார், செத்துப்போன மாமனைப் பெயர் சொல்லி அழுகிறார். அந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் ஏறத்தாழ 2000 பேர். அவர்கள் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. படம் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மறைந்தது பர்மா ஷெல் என்ற பெயர்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு மறுப்பு எழுகிறது. பிரான்ஸ் ஆஸ்டன் என்ற மூனிக்காரர் பம்பாய் டாக்கீஸில் இயக்கிய 'அச்சுத் கன்யா' (1936) தீண்டாமையின் கொடுமையைச் சொன்ன ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. அவர் நாஜிக் கட்சி உறுப்பினர். போர் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் அவரைக் காவலில் வைத்து, பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய கட்சி அட்டையைக் காட்டி அசோக் குமாரும் தேவிகா ராணியும் பாடிய காட்சியைத் தள்ளுபடி செய்ய முடியுமா? முடியாது. அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்வது படத்துக்கு மதிப்பெண் போட உதவாது. அப்படியானால் எதற்கு உதவும் என்று கேட்டால், படத்தில் சொல்லாமல் விட்டது எது, ஏன் விட்டார்கள் என்று தேடத் தொடங்குவதற்கு உதவும். எண்ணெய்க் கம்பெனி எடுத்த கிராமத்துப் படத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்பது இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஜவ்வாது மலைக்கு ஆவணப்படக் குரல் வந்ததைவிட டிவி வேன் வந்ததுதான் இங்கே நினைவில் இருக்கிறது. 2006 க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி தமிழ்நாட்டின் குடிசைகளுக்கெல்லாம் போனது போல இந்த மலைக்கும் ஏறியது. அதுவரை பார்க்கப்பட்டவர்கள், பார்க்கிறவர்களும் ஆனார்கள். பிறகு 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இந்த மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒருகாலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது, வெட்டிய சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் அடுக்கப்பட்ட வாசனையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சந்தனம் போனபிறகு கோடாலி பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடி ஏஜெண்டுகள் வந்தார்கள், முன்பணம் கொடுத்தார்கள். சாமையும் கொள்ளும் வீட்டுக் கஞ்சிக்குக் காணும், கடனுக்குக் காணாது. அந்த ஏப்ரலில் மலைப்பாதை வளைவுகளில் ஓபி வேன்கள் வரிசையாக ஏறின. ஒரு சேனல் கடத்தல்காரர்கள் என்றது, இன்னொன்று அப்பாவிக் கூலிகள் என்றது. இரண்டாவது சொல் கருணையுள்ளது, உண்மைக்கும் கிட்டத்தில் இருப்பது. என்றாலும் இரண்டுமே அழுகிற பெண்களின் முகத்தின் மேல் ஓடிய குரல்கள்தான். கிடத்தியிருந்த உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகளைக் காட்டினார்கள். காட்டாதது ஒன்று உண்டு. அந்த இருபது பேரை யார் அனுப்பினார்? லாரிக்குப் பணம் போட்டவர், துறைமுகம் வரை ஏற்பாடு செய்தவர், கட்டைக்கு விலை பேசியவர், அவர்களில் எவரும் அந்தக் காட்டில் சாகவில்லை. தயாரிப்பாளர் திரையில் வருவதில்லை. முறம் புடைத்த அம்மாளுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு ஒருவாறு பிடிபடுகிறது.

இந்த மலையின் அடிவாரத்திலும் செங்கம் சுற்றுவட்டாரத்திலும் நடுகற்கள் நிறைய. பல்லவர் காலத்திலிருந்து நட்டவை. 1972 இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்றே ஒரு தொகுப்பு வெளியிட்டது. அந்தக் கல்வெட்டுகளின் அமைப்பு எனக்கு மறுபடி மறுபடி ஆச்சரியமாக இருக்கிறது. எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர் மாட்டுமந்தையை மீட்கப் போய்ப் பட்டான், அவன் பேர் என்ன என்று நாலைந்து வரிக்குள் அடக்கிவிடுகிறார்கள். அனுப்பியவன் பெயரும் செத்தவன் பெயரும் ஒரே கல்லில். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு சேர்ந்து திருடர்களைக் கடித்த நாய்க்கும் கோவிவன் என்று பெயர் வெட்டியிருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மாட்டுக்காக ஆள் செத்த காலம் அது, கல் நட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று தலைவன் நினைத்திருக்கவும் கூடும். ஆனால் ஏழாம் நூற்றாண்டு நாய்க்குக் கிடைத்தது, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இருபது மனிதர்களுக்குப் பத்திரிகையின் ஓரத்தில் ஒரு பட்டியலாக ஒருநாள் கிடைத்துவிட்டு எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது.

மலையில் ஜெர்மன் கண்ணாடி ஒன்றும் உண்டு, காவலூர் வானாய்வகத்தில். ஜெனாவின் கார்ல் ஸைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972 முதல் அங்கே இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்தவற்றில் அதுவும் ஒன்று. காவலூரைத் தேடிப் பிடித்துக் கருவிகளை வரவழைத்த வைணு பாப்பு, தான் திட்டமிட்ட 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி முடிவதற்கு முன்னால் 1982 இல் மூனிக்கில் இறந்துபோனார். 1986 இல் அதைத் திறந்துவைத்த ராஜீவ் காந்தி அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். தயாரிப்பாளரின் பெயர் இப்படி வெளிச்சமாக நிற்பது அபூர்வம். அந்தக் குவிமாடத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மலையின் இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும் என்று வந்தது, மேலே பார்த்தது, மலையில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இப்போது டிரோனை ஏவி பீமன் அருவியைப் படமெடுத்து, கலப்படமில்லாத மலை, கள்ளமில்லாத மனிதர்கள் என்று குரல் கொடுக்கிற யூடியூப் பிள்ளைகளிடம் அந்த அடக்கம் இல்லை. பால் ஜில்ஸுக்காவது தன் கம்பெனி எது என்று தெரிந்திருந்தது. இந்தப் பிள்ளைகளை அனுப்புகிறது எது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியுமா என்பது சந்தேகம்.

தோடர் படத்தின் பிரதியைக் கையில் வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அதைச் சென்னையிலும் மும்பையிலும் விழாவில் போடுவதற்கு முன்னால் நீலகிரிக்குக் கொண்டுபோய் ஏதாவது ஒரு மந்தில் போடுங்கள். ஒலியை நிறுத்திவிடுங்கள். திரையில் வருகிறவர் யாருடைய பாட்டி, அது எந்த வீட்டு எருமை என்று பார்க்கிறவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, படத்தோடு எப்போதும் சேர்த்தே காட்டுங்கள். வேறு தலைப்பு வைக்க அவர்கள் விரும்பினால் வைக்கட்டும். அந்தத் திரையிடலுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை மட்டும் படம் தொடங்குமுன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.